யாருக்காக அழுகிறோம்? புகழ்பெற்றோர் மறைவும் பொதுத்துயரும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

2020ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 25ஆம் நாள், வெள்ளிக்கிழமை. பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் சென்னையில் காலமானார் என்னும் செய்தி மலேசிய நேரப்படி பிற்பகல் மூன்றரை மணிக்குப் பின் இங்கு வந்து சேர்ந்தது. அன்று நாம் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள சிலிம் ரிவரில் இருந்தோம். தேநீர் அருந்த நுழைந்த கடையில் வானொலியின் ஒலியைக் கூட்டினார்கள். உண்டு கொண்டிருந்தவர்களுள் சிலர் கையை நிறுத்தினர். முதியவர் ஒருவர் முகக்கவசத்தின் மேல் விளிம்பால் கண்களைத் துடைத்துக் கொண்டார். அதன்பின் சில நாள்கள் நாளேடுகளிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் புலனக் குழுக்களிலும் அப்பாடகரின் நினைவே நிறைந்திருந்தது.

அதே வாரத்தில் அவ்வூரில் அம்மையார் ஒருவர் இறந்தார். அகவை 84. தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் மகள் வீட்டில், வீடமைப்புப் பகுதியொன்றில் வாழ்ந்தவர். நோய்ப் பரவல் காலத்துக் கட்டுப்பாடுகளால் இறுதிச் சடங்கில் மிகச் சிலரே கலந்து கொண்டனர். நாளேட்டில் அவரைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. அங்கு வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: “பாடினவருக்குப் பக்கம் பக்கமாப் போடுறாங்க ஐயா. வேணாங்கல. ஆனா இந்த அம்மாவுக்கு ஒரு வரிகூடக் கிடையாதா?”

அவ்வினாவுக்கு அன்று நாம் விடை கூறவில்லை. புகழ்பெற்றோர் மறைவுக்கு இத்துணைப் பெரும் பொதுத்துயரும் ஊடகக் கவனமும் தகுமா என்பதே அவ்வினாவின் உட்கிடை. தகாது என்று சொல்லிவிடுவது எளிது. மக்களின் உணர்வு அது, குறை கூறலாகாது என்று ஒதுங்குவதும் எளிது. இரண்டுமே வினாவைத் தீர்ப்பன அல்ல. தமிழ் இலக்கிய மரபு இரங்கலை எவ்வாறு நோக்கிற்று, அண்மைக் காலத்தில் அது என்னவாயிற்று, மலேசியத் தமிழர்க்கு இதில் உள்ள இழப்பு யாது என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

கையறுநிலை மரபு

இறந்தோரைக் குறித்து எஞ்சியோர் புலம்புவதைக் கையறுநிலை எனத் தொல்காப்பியம் குறிக்கின்றது. புறநானூற்றில் இத்துறையமைந்த பாடல்கள் பல உள. பாரியை இழந்த கபிலரும், அதியமானை இழந்த ஔவையாரும் பாடியவற்றை நாம் வகுப்பறைகளில் தொடர்ந்து கற்பித்து வருகின்றோம். இவர்கள் பாடியது பழகிய ஒருவரை. உண்டு, உரையாடி, உடன் வாழ்ந்த நட்பு அவ்விரங்கலின் அடிப்படை.

ஆயின் புறநானூறு காட்டும் மற்றொரு செய்தி நம் வினாவுக்கு நெருக்கமானது. பாண்டிநாட்டுப் புலவர் பிசிராந்தையாரும் உறையூர் ஆண்ட கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் நேரிற் கண்டவரல்லர். சோழன் வடக்கிருந்தபோது ஆந்தையார் வருவார் என்று இடம் ஒதுக்கச் சொன்னான், அவரும் வந்தார், உயிர் துறந்தார். கண்டறியாத ஒருவருக்காக உருகுதல் பொய்யான உணர்வு என்று சொல்வோர் இவ்வரலாற்றை நினைத்தல் வேண்டும். நேரிற் காணாமை அன்பின்மைக்குச் சான்றாகாது என்பதைத் தமிழ் மரபு முன்பே ஏற்றுக்கொண்டுள்ளது. எனினும் இங்கும் ஒரு வேறுபாடு நோக்கற்குரியது. சோழனும் ஆந்தையாரை அறிந்திருந்தான். அன்பு இருபாலும் ஓடிற்று. இக்காலத் திரைக்கலைஞருக்கும் சுவைஞருக்கும் இடையே அத்தகைய இருவழி ஓட்டம் இல்லை. சுவைஞர் கலைஞரை அறிவார். கலைஞர் சுவைஞரைக் கூட்டமாக மட்டுமே அறிவார்.

கையறுநிலையோடு சேர்த்து எண்ணத்தக்கது நடுகல். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. நடுகல் வேந்தர்க்கே உரியதன்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகல், ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட அந்தவன் என்னும் ஒருவனைக் குறிக்கின்றது. கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தது என அறிஞர் கருதும் அக்கல்லில் அவன் பெயரும் உள்ளது, ஊர்ப்பெயரும் உள்ளது, எதன்பொருட்டு இறந்தான் என்பதும் உள்ளது. அவன் மன்னனும் அல்லன். புலவரால் பாடப்பெற்றவனும் அல்லன்.

புறநானூற்றிலும் பெயரிலார் உளர். ஈமத்தாழி வனையும் வேட்கோவனை விளித்து, தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையுமாறு வேண்டும் பெண்ணொருத்தியின் பாடலில் இறந்த கணவன் யாரெனத் தெரியவில்லை. அவன் புகழ் அப்பாடலுக்குத் தேவைப்படவும் இல்லை. ஆகவே மரபில் இரங்கல் புகழுக்கு அளிக்கப்பட்ட பரிசன்று. அது உறவு பற்றியோ செயல் பற்றியோ எழுந்தது. இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டு இனி இக்காலத்தைக் காண்போம்.

கூட்டமும் தகுதியும்

1969 பிப்ரவரி 3ஆம் நாள் தமிழக முதலமைச்சர் சி. என். அண்ணாதுரை மறைந்தார். அவர் இறுதி ஊர்வலத்தில் ஒன்றரைக் கோடிப் பேர் திரண்டனர் எனக் கின்னஸ் நூல் பதிவு செய்தது. 1987 டிசம்பர் 24ஆம் நாள் எம். ஜி. இராமச்சந்திரன் மறைந்தபோதும் சென்னையில் பெருங்கூட்டம் திரண்டது. வன்முறையிலும் தற்கொலையிலும் பலர் உயிர் இழந்தனர். 2016 டிசம்பர் 5ஆம் நாள் ஜெ. ஜெயலலிதா மறைந்தபின், அதிர்ச்சியால் இறந்தோர் என நானூற்றுக்கும் மேற்பட்டோரை அவர்தம் கட்சி கணக்கிட்டு, குடும்பம் ஒன்றுக்கு 3 இலட்சம் ரூபாய் உதவி அறிவித்தது.

இவற்றுக்கு எதிரே 1921 செப்டம்பரை வைத்துப் பார்க்கலாம். சென்னைத் திருவல்லிக்கேணியில் பாரதியார் மறைந்தபோது அவர் உடலுடன் சென்றவர் இருபது பேரும் இல்லை என்பர். அக்கூட்டத்தின் சிறுமை பாரதியின் சிறுமையாகிவிட்டதா? இன்று அவ்வாறு சொல்வார் ஒருவரும் இலர். மலேசியாவிலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. நடிகரும் இயக்குநரும் பாடகருமான பி. இரம்லி 1973 மே 29ஆம் நாள் தம் 44ஆம் அகவையில் மறைந்தார். இறுதி ஆண்டுகளில் அவர்தம் படங்கள் வரவேற்பிழந்தன. அவர் பொருள்முடையில் வாடினார். ‘டான் ஸ்ரீ’ விருது 1990இல், அவர் இல்லாத காலத்தில் அவருக்கு வழங்கப்பெற்றது.

எனவே கூட்டத்தின் பெருமை தகுதிக்குச் சான்றன்று. அதன் சிறுமை தகுதியின்மைக்குச் சான்றுமன்று. கூட்டம் அக்காலத்தின் நிலையைக் காட்டுகின்றது. இறந்தவரின் நிறையைக் காட்டுவதில்லை. எனினும் இதனால் கூட்டத்தின் துயரம் பொருளற்றது என முடிவு செய்தல் பிழையாகும். கூட்டத்திலிருந்து இறந்தவரைப் பற்றி அறிய இயலாவிடினும், அழுதவர்களைப் பற்றி நாம் அறிய இயலும்.

அழுகையின் நிலைக்களன்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை நான்கு பொருள் பற்றிப் பிறக்கும் என்கின்றார். அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்படுதல் இளிவு, உயிரோ பொருளோ இழத்தல் இழவு, முன்னிருந்த நிலை கெட்டுத் தளர்தல் அசைவு, இல்லாமை வறுமை. ஒருவர் மறைவுக்காக அழுவதை இழவு என்னும் ஒன்றன்பாற் படுத்திவிட்டு மற்ற மூன்றையும் நாம் மறந்து விடுகின்றோம். தோட்டத்துத் தமிழர் எம். ஜி. ஆருக்காக அழுததை விளக்க இழவு ஒன்று மட்டும் போதாது.

திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய காலத்தைத் தோட்டங்களில் வளர்ந்த பலர் இன்றும் நினைவுகூர்வர். தொழிலாளி, படகோட்டி, விவசாயி, ரிக்‌ஷாக்காரன் எனப் படப்பெயர்களே உழைப்பாளரின் பெயர்களாக இருந்தன. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கங்காணியின் ஏச்சையும் கிராணியின் கணக்கையும் பொறுத்து வந்தவர், இரவில் தம்மை ஒத்த ஒருவன் திரையில் தலைநிமிர்ந்து நிற்பதைக் கண்டார். அந்நிமிர்வு மறுநாட் காலை தோட்டத்தில் இல்லை. ஆயினும் அது மனத்தில் இருந்தது. அதனைத் தந்தவர் இறந்தபோது எழுந்த அழுகையில் தம் இளிவும் வறுமையும் கலந்திருந்தன.

இங்கு எம். எஸ். எஸ். பாண்டியனின் ஆய்வை எண்ணிப் பார்த்தல் தகும். 1992இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, ‘பிம்பச் சிறை’ என்னும் பெயரில் தமிழிலும் வந்த அந்நூல், எம். ஜி. ஆரின் திரைப்படிமம் ஏழை மக்களை எவ்வாறு கட்டிப்போட்டது என்பதையும், அவர்தம் ஆட்சி அம்மக்களின் உண்மை நலனுக்கு எந்த அளவு உதவிற்று என்பதையும் கடுமையாக ஆராய்ந்தது. அவ்வாய்வின் அடிப்படை வாதம் வலுவானது. ஆயினும் படிமத்தில் அகப்பட்டவர் என்று சொல்வதோடு அழுதவர்களின் கதை முடிந்து விடுவதில்லை என்பது நம் கருத்து. தமக்குக் கிடைக்காத மதிப்பு இன்னதென்று அவர்கள் அறிந்திருந்தனர் என்பதற்கும் அவ்வழுகை சான்றாகின்றது.

ஒப்பாரி மரபு இதனை மேலும் தெளிவாக்கும். இழவு வீட்டுக்கு வரும் பெண்கள் இறந்தவரைப் பாடத் தொடங்கித் தம் வீட்டில் என்றோ இறந்தவர்களைப் பாடி முடிப்பதை நாம் கேட்டிருக்கின்றோம். தாயை இழந்தவள் தாயை அழுவாள். மகனை இழந்தவள் மகனை அழுவாள். எவரும் அதனைத் தவறெனக் கொள்வதில்லை. பிறர் வீட்டு இழவு தன் துயரை வாய்விட்டுச் சொல்ல ஒருத்திக்குக் கிடைத்த இடம். புகழ்பெற்ற ஒருவரின் மறைவு இவ்வகையில் ஊர் முழுமைக்கும், ஏன், நாடு முழுமைக்கும் பொதுவான இழவு வீடாகின்றது. சிலிம் ரிவர்க் கடையில் கண்ணைத் துடைத்த முதியவர் பாடகர் ஒருவருக்காக மட்டும் அழுதார் என்று நாம் கருதவில்லை. 1969இல் ‘அடிமைப் பெண்’ படத்தில் எம். ஜி. ஆருக்காகப் பாடிய இளங்குரலை அவர் தம் இளமையில் கேட்டிருப்பார். அக்குரலோடு சேர்ந்த தோட்டமும் லயமும் கோயில் திருவிழாவும் இப்போது இல்லை. தொல்காப்பியர் சொன்ன அசைவு இதுவே.

எனவே மக்களின் துயரம் மிகை என நாம் தீர்ப்புக் கூற விரும்பவில்லை. துயரம் அரிசியைப்போல் அளந்து பங்கிடும் பொருளன்று. ஒருவருக்கு அழுததனால் இன்னொருவருக்குக் கண்ணீர் குறைந்துவிடாது. தற்கொலையும் வன்முறையும் வேறு. அவற்றைத் துயரத்தின் அளவாகக் கொண்டாடுதல் எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. உயிர் மாய்த்தோரைத் தலைவர்தம் பெருமைக்குரிய எண்ணிக்கையாக எவர் கூட்டிச் சொன்னாலும், இறந்த எளியவர்கள் இரண்டாம் முறையும் பெயரிழந்து எண்ணாகி விடுகின்றனர்.

ஊடகத்தின் பொறுப்பு

துயரம் அளவற்றது எனினும் நாளேட்டின் பக்கம் அளவுடையது. ஒளிபரப்பின் மணித்துளியும் அளவுடையது. ஒன்றற்கு இடம் கொடுத்தால் மற்றொன்று வெளியே நிற்கும். எனவே மக்களிடம் கேட்கலாகாத கணக்கை ஊடகத்திடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இவ்வேறுபாட்டை மறப்பதனாலேயே இவ்விவாதம் பலகாலும் குழம்புகின்றது. மக்கள் அழுதது மிகை என்று கடிவோர் ஊடகத்தை விட்டுவிடுகின்றனர். மக்கள் உணர்வைக் காப்போர் ஊடகத்தையும் சேர்த்துக் காக்கின்றனர்.

2018 பிப்ரவரி 24ஆம் நாள் நடிகை ஸ்ரீதேவி துபாயில் இறந்தார். குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தார் என்னும் செய்தி வந்ததும், இந்தியத் தொலைக்காட்சிகள் சில அத்தொட்டியைப் படமாக வரைந்து காட்டின; செய்தியாளர் ஒருவர் தாமே தொட்டியில் படுத்துக் காட்டினார். ஐம்பதாண்டு நடிப்பு வாழ்வு ஒரு தொட்டிக்குள் அடங்கிற்று. இதனை இரங்கல் என்று சொல்ல இயலாது. இறந்தவரைப் பற்றி எதுவும் தெரிவிக்காமல் இறப்பை மட்டும் காட்சியாக்கியமை அது.

இதற்கு மறுதலையும் உண்டு. கன்னட நடிகர் இராஜ்குமார் 2006 ஏப்ரல் 12ஆம் நாள் மறைந்தபோது பெங்களூரில் கலவரம் மூண்டது. காவலர் ஒருவர் உட்படச் சிலர் மாண்டனர். அவர்தம் மகன் புனித் இராஜ்குமார் 2021 அக்டோபர் 29ஆம் நாள் 46ஆம் அகவையில் மறைந்தார். அவருடைய கண்கள் நால்வருக்குப் பார்வை அளித்தன. அச்செய்தியை ஊடகங்கள் விரிவாக எடுத்துச் சொல்லக் கருநாடகத்தில் கண்கொடைக்குப் பதிவு செய்வோர் தொகை பெருகிற்று. தந்தையும் கண்களைக் கொடையாக அளித்தவரே. 2006இல் கல்லெறிந்த காட்சிகளுக்கிடையே அச்செய்தி மங்கிற்று. 2021இல் அதுவே முன்னின்றது. ஒரே குடும்பம், ஒரே ஊர், ஒரே அன்பு, பயன் வேறாயிற்று. இறந்தவரின் செயலை முன்னிறுத்தும்போது பொதுத்துயரம் நடுகல்லின் தன்மையை அடைகின்றது. இறப்பின் காட்சியை முன்னிறுத்தும்போது அது வேடிக்கையாகி விடுகின்றது.

மலேசியத் தமிழ் ஊடகத்தின் நிலை இன்னும் நெருக்கடியானது. 1924இல் தொடங்கப்பெற்ற ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோயிற்று. தமிழுக்குரிய அச்சுப் பக்கங்கள் குறைந்து வருகின்றன. தமிழகத்துத் திரைக்கலைஞர் மறைவைத் தமிழகத்து ஊடகம் நூறு வழிகளில் பதிவு செய்யும்; அச்செய்தி இணையத்தில் நொடிப்பொழுதில் நம்மை வந்தடையும். பால்மரம் சீவிய அம்மையாரைப் பற்றிச் சென்னை எழுதாது. கோலாலம்பூர் ஆங்கில நாளேடும் எழுதாது. எழுதக்கூடியவர் நாம் மட்டுமே. வேறு எவராலும் செய்ய இயலாத ஒன்றைச் செய்யாமல், எல்லாரும் செய்வதையே நாமும் செய்வதுதான் இங்குள்ள குறை.

அழப்படாதோர்

சிலிம் ரிவர் இக்கருத்தை எண்ணிப் பார்க்கப் பொருத்தமான இடம். 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன் ஜப்பானியப் பீரங்கி வண்டிகள் துரோலாக் வழியாகப் பெருஞ்சாலையில் இறங்கி வந்தன. சில மணி நேரத்தில் பதினொன்றாம் இந்தியப் படைப்பிரிவு சிதைந்தது. போர் நடந்த பகுதிகளுள் குளுனி இரப்பர்த் தோட்டமும் ஒன்று. தைப்பிங் போர்க்கல்லறையில் 850க்கு மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பெற்றுள்ளனர். அவர்களுள் 500க்கு மேற்பட்டோர் இன்னாரென அறியப்படாதோர். பெயர் தெரியாவிடினும் அவர்களுக்குக் கல் உண்டு.

கல்லும் இல்லாதோர் உளர். 1942 முதல் 1943 அக்டோபர் வரை ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். அப்பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என மதிப்பிடுவர். அங்கேயே உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுள் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். போர்க்கைதிகளின் கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பேணப்படுகின்றன. அவற்றில் பெயரும் படையும் அகவையும் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்த் தொழிலாளருக்கு அவ்வாறு பெயர் பொறித்த கல்வரிசை இல்லை. அந்தவனுக்குக் கல் நட்ட மரபினர், இருபதாம் நூற்றாண்டில் பல்லாயிரவரைக் கல்லும் பெயரும் இன்றி இழந்தனர்.

அப்பணியை ஓரளவு செய்தது நம் புனைகதை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண இரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அத்துயரைப் பொருளாகக் கொண்டவை. இரண்டாவதன் தலைப்பே ஒரு கருத்தைத் தாங்கி நிற்கின்றது. மண்ணில் எழாத சின்னத்தை எழுத்தில் எழுப்ப வேண்டிய கட்டாயம் மலேசியத் தமிழ் எழுத்தாளருக்கு நேர்ந்தது. இந்நாவல்களை வெறும் வரலாற்றுப் புனைவு என வகைப்படுத்தி நிறுத்துவதினும், காலந்தாழ்ந்து பாடப்பட்ட கையறுநிலையாகப் படிப்பதே அவற்றின் இயல்புக்கு ஏற்றது என்பது நம் கருத்து.

பொதுவாழ்வில் புகழ்பெற்றோருள்ளும் மறக்கப்பட்டோர் உளர். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்தம் பெயரைச் சொன்னால் நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? சுங்கை சிப்புட்டில் பிறந்து, தோட்டத் துண்டாடலுக்கு மாற்றாகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தோற்றுவித்த துன் வீ. தி. சம்பந்தன் 1979 மே 18ஆம் நாள் மறைந்தார். அவர் பெயரைச் சாலைகள் தாங்குகின்றன. தொழிலாளர் தம் கூலியிலிருந்து பங்குப் பணம் செலுத்தித் தோட்டம் வாங்கிய செய்தியோ பலருக்குத் தெரியாது. பெயரை வைத்துக்கொண்டு செயலை மறப்பதும் ஒருவகை மறதியே.

மறுப்பும் விடையும்

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். எளியோர் மறைவை எழுதினால் யார் படிப்பர்? நாளேடு விற்பனையால் வாழ்வது. புகழ்பெற்றோர் படம் இருந்தாலன்றோ மக்கள் வாங்குவர்? இம்மறுப்பில் உண்மை உண்டு. நாளேடு நடத்துவோரின் இடர்ப்பாட்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் நாளேட்டில் மரண அறிவித்தலும் நினைவஞ்சலியும் வெளியாகும் பக்கத்தை முதலில் புரட்டும் வாசகர் நம்மிடையே பலர் என்பதையும் நாம் அறிவோம். இன்ன தோட்டத்தில் வாழ்ந்தவர், இன்னாரின் துணைவியார், இத்தனை மக்கள், இத்தனை பேரப்பிள்ளைகள் என்னும் அச்சிறு கட்டங்கள் கட்டணம் செலுத்தி வெளியிடப்படுவன. மக்கள் தாமே பணம் கொடுத்து நடும் நடுகற்கள் அவை. எளியோர் மறைவில் வாசகருக்கு நாட்டம் இல்லை என்பது அப்பக்கத்தின் முன் நிற்காது.

மற்றொரு மறுப்பு, எல்லா இறப்பும் ஒன்றே. கலைஞர் இலட்சக்கணக்கானோர்க்கு மகிழ்வு தந்தவர், தொழிலாளி தம் குடும்பத்துக்கு மட்டும் உழைத்தவர். எனவே வேறுபாடு இயற்கையே என்பது. வேறுபாடு இயற்கையே, அதனை நாமும் ஏற்கின்றோம். பாடகருக்கு மூன்று பக்கமும் அம்மையாருக்கு மூன்று பக்கமும் வேண்டும் என நாம் கேட்கவில்லை. ஆயினும் இந்நாட்டின் சாலைகளும் பள்ளிகளும் இரப்பர் ஈட்டிய செல்வத்தால் எழுந்தவை என்பதை வரலாற்று நூல்கள் ஒத்துக்கொள்ளும்போது, அவ்விரப்பரைச் சீவியவர் தம் குடும்பத்துக்கு மட்டுமே உழைத்தார் என்று சொல்லுதல் எங்ஙனம் பொருந்தும்? அந்தவன் ஒரு சிற்றூரின் ஆநிரைப் பூசலில் இறந்தவன். அவன் செயலை அவ்வூர் பெரிதெனக் கொண்டது. நாம் எதனைப் பெரிதெனக் கொள்கின்றோம் என்பதே வினா.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிவுகள் பெறப்படும். புகழ்பெற்றோர் மறைவுக்கு மக்கள் அழுதல் இழிவன்று. அவ்வழுகையில் அவர்தம் சொந்த இழப்புகளும் கலந்துள்ளன. அக்கண்ணீரை உயிர்ப்பலியாகவும் கணக்காகவும் வேடிக்கையாகவும் மாற்றுவோரே கண்டனத்துக்குரியோர். ஊடகம் இறந்தவரின் செயலை எழுதுமாயின் அதற்கு அளித்த இடம் தகும். இறப்பின் காட்சியை விற்குமாயின் ஒரு பத்தியும் மிகையே. இவற்றினும் முதன்மையானது, அழப்படாதோரை எழுதும் கடமை நம்மைச் சார்ந்தது என்பது.

தமிழாசிரியர்க்கு இங்கு ஒரு பணி உண்டு. கையறுநிலையைத் தேர்வுக்குரிய துறைப்பெயராக மட்டும் கற்பிக்காமல், மாணவர் தம் குடும்பத்தில் மறைந்த ஒருவரின் வாழ்வை ஒரு பக்கம் எழுதிவரச் செய்யலாம். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு வந்தனர், என்ன வேலை, என்ன பாடினர், யாரை இழந்தனர் என்னும் வினாக்கள் போதும். சயாமுக்குச் சென்று மீண்டோர் இன்று ஏறத்தாழ இல்லை. அவர்களை வழியனுப்பிய பிள்ளைகளும் தொண்ணூறை நெருங்கி விட்டனர் அல்லது கடந்து விட்டனர். இன்னும் சில ஆண்டுகளில் கேட்பதற்கும் ஆளிருக்காது.

சிலிம் ரிவரில் இறந்த அம்மையாரைப் பற்றி நாம் அறிந்தது சிறிது. ஏழு அகவையில் தந்தையைச் சயாமுக்குக் கொண்டு சென்றார்கள், அவர் திரும்பவில்லை. இதனை அவர்தம் மகள் இழவு வீட்டில் சொன்னார். தந்தையின் பெயர் என்ன என்று நாம் கேட்டோம். அம்மா “அப்பா” என்று மட்டுமே சொல்வார், பெயர் சொன்னதாக நினைவில்லை என்றார் மகள். முன்பே யாரேனும் அந்த அம்மையாரிடம் கேட்டிருந்தால் அப்பெயர் நமக்குக் கிடைத்திருக்கும். நாமும் அவ்வூருக்குப் பலமுறை சென்றவர்களே, கேட்கவில்லை. ஆசிரியர் கேட்ட ஒரு வரி எங்கே என்னும் வினாவுக்கு ஊடகத்தை மட்டும் கை காட்டி நாம் தப்ப இயலாது.